பதினோரு மாதப் பார்வை

அவர் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தால் போதும், நான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகத் தோன்றும். உண்மையிலேயே செய்துகொண்டுதான் இருந்தேன் என்பது பதினோரு மாதம் கழித்துத் தெரிந்தது.

பக்கத்தில் நின்று ஒருவர் பேசினால் நாமெல்லாம் கண்ணை மட்டும் ஓரத்துக்கு ஓட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டு, செய்கிற வேலையைச் செய்துகொண்டிருப்போம். அவர் அப்படி இல்லை. கையிலிருப்பதைக் கீழே வைப்பார். கழுத்தைத் திருப்புவார். கழுத்து போதாதபோது தோளையும் இடுப்பையும் சேர்த்துத் திருப்புவார். மலாக்கா பண்டார் ஹிலிர் கோட்டை வாசலில் கிடக்கும் பழைய பீரங்கியை நாலு பேர் தள்ளித் திருப்புகிற மாதிரி இருக்கும். முகம் முழுதாக நம் முகத்துக்கு எதிரே வந்து நின்ற பிறகுதான், "சொல்லு தம்பி" என்பார். அதற்குள் பாதிப் பேருக்குச் சொல்ல வந்தது மறந்துபோயிருக்கும்.

அவர் குடியிருந்த காஜா பெராங்கில் சிலர் அதை மரியாதை என்றார்கள். சிலர் திமிர் என்றார்கள். முனையில் முடிவெட்டுகிறவர் மட்டும், "கழுத்துச் சுளுக்கு லா அது. என் நாற்காலில ஒக்காந்தார்னா ஒரே சொடக்கு" என்று காத்துக்கொண்டிருந்தார்.

விஷயம் என்னவென்றால் அவருக்கு இரண்டு ஓரமும் தெரியாது. நேரே இருப்பது துல்லியமாகத் தெரியும். எதிர்க் கடைப் பலகையின் பொடி எழுத்தைக்கூடப் படித்துவிடுவார். காதோரமாக வந்து நிற்கிற மாடு தெரியாது. வண்டிக் குதிரைக்குக் கட்டும் கண்மறைப்பை யாரோ அவர் மண்டைக்குள்ளே கட்டிவிட்டிருந்தார்கள்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த தொழில், பஸ் ஓட்டுவது. டிரைவர் அண்ணன் என்றுதான் ஊரே அவரைக் கூப்பிட்டது. நானும் அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் அவரை அறிவதற்கு முன் நடந்ததை அக்கா, அதாவது அவர் மனைவி, சொல்லித்தான் தெரியும். கிளேபாங் வழியாகப் போகிற பஸ் அவருடையது. முதலில் ஒரு தந்திக் கம்பத்தை உரசினார். அப்புறம் யாரோ வளர்த்த வாத்துகள். மூன்றாவதாக, கிளேபாங் வளைவில், மீன் கூடையோடு சைக்கிளில் போன ஒரு மனிதர். கை ஒடிந்ததோடு மீன்காரர் பிழைத்தார். அண்ணன் இறங்கிப் போய்ப் பார்த்து, "இவரு எங்கேருந்து வந்தாரு?" என்று கேட்டாராம். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அந்த சைக்கிளை அரை நிமிஷமாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஓட்டியவருக்கு மட்டும் தெரியவில்லை.

கம்பெனியில் கள்ளு என்று முடிவு கட்டினார்கள். கள்ளைக் கையால் தொடாதவர், மேனேஜரின் மூக்குக்கு நேரே போய் நின்று ஊதிக் காட்டினார். ஊதியது மரியாதைக் குறைவு என்று அதற்குத் தனியாக ஒரு மெமோ வந்தது.

ஒரு கண் டாக்டர்தான் சந்தேகப்பட்டு, மண்டையை எக்ஸ்ரே எடுத்துவிட்டு, சிங்கப்பூருக்கு அனுப்பினார். அங்கே சொன்னார்கள்: மூக்குக்குப் பின்னால், மூளைக்கு அடியில், மண்டையோட்டின் தரையில் ஒரு சின்னக் குழி இருக்கிறது, குழியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி, அதில் கட்டி. புற்றுநோய் இல்லை. வேறு எங்கும் பரவாது, யாரையும் தேடிப் போகாது. ஆனால் உட்கார்ந்த இடம் மோசம். இரண்டு கண்ணின் நரம்புகளும் சந்திக்கிற இடத்துக்கு நேர் கீழே. அது வளர வளர நரம்பு நசுங்கி, ஓரப் பார்வை போகும். பிறகு நடுப் பார்வையும் போகும்.

அண்ணன் இதை ஒரே வரியில் புரிந்துகொண்டார். "முச்சந்தி நடுவுல எவனோ லாரிய நிறுத்திட்டுப் போய்ட்டான். அவ்ளோதானே டாக்டர்?"

அவ்வளவுதான். லாரியை வெட்டி எடுக்கலாம். உயிருக்கும் கண்ணுக்கும் உத்தரவாதம் இல்லை. அல்லது அதன் எஞ்சினை அணைத்து நின்ற இடத்திலேயே விட்டுவிடலாம். அதற்குக் கதிர். ஐந்து வாரம் அவர் தலையைக் கட்டிப் படுக்க வைத்து, இரண்டு நெற்றிப்பொட்டுகளிலும் நடுநெற்றியிலுமாக மூன்று பக்கத்திலிருந்து கதிரைச் செலுத்தினார்கள். மூன்று இடத்திலும் வட்டமாக முடி உதிர்ந்தது. அனுப்பும்போது அந்த வெள்ளைக்கார டாக்டர் சொன்னதை அண்ணன் எல்லோரிடமும் அப்படியே ஒப்பிப்பார்: "கரைஞ்சிடும்னு சொல்ல மாட்டேன். தூங்கிடும்னு நம்புறேன். தூங்குதா முழிச்சிருக்கான்னு இப்ப சொல்ல முடியாது. ஒரு வருஷம் கழிச்சி வா, பாக்கலாம். நிச்சயமா சொல்லணும்னா, பத்து வருஷம் கழிச்சிக் கேளு."

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பத்து வருடத்தைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போயிருப்பார்கள். அண்ணன் ஒரு பஸ்ஸின் பிரேக் சரியாக இருக்கிறது என்று மெக்கானிக் சத்தியம் செய்தாலும் டிப்போவைச் சுற்றி ஒரு நடை ஓட்டிப் பார்க்காமல் எடுக்கமாட்டார். "மிதிச்சிப் பாத்தாத்தான் பிரேக்கு" என்பார். மண்டைக்குள் இருப்பதற்கும் அவருக்கு ஒரு மிதி தேவைப்பட்டது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் நான் அவர் வீட்டுப் பக்க அறைக்குக் குடிவந்தேன். மெர்டேக்காவுக்கு, மலாயாவின் சுதந்திரத்துக்கு, முந்தின வருடம். எனக்கு இருபத்திரண்டு வயது. சர்வே ஆபீஸில் டிரேசர். மற்றவர்கள் வெயிலில் அளந்துகொண்டு வருகிற நிலத்தை, நிழலில் உட்கார்ந்து மெல்லிய தாளில் மையால் நகல் எடுக்கிற உத்தியோகம். என் கோடுதான் ஆபீஸிலேயே அழகான கோடு என்று எனக்கு ஓர் எண்ணம். கோடு சரியா என்பது அளந்தவன் பாடு.

"தம்பிக்குக் கோடு போட வருமா?" என்று அண்ணன் கேட்டபோது, முழு முகத்தோடு கேட்டதால், மறுக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் செய்த சோதனையை அவர் மனத்தில் அச்செடுத்து வைத்திருந்தார். இரண்டு பழைய குடைகளின் கறுப்புத் துணியை அக்கா பிரித்துச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார். அதை முன்கூடத்துச் சுவரில் இழுத்துக் கட்டினோம். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதைச் சுற்றிச் சாக்கட்டியால், உள்ளிருந்து வெளியே, ஆறு வட்டங்கள். விளக்குக் கரி பூசிய, இறைச்சி கோத்துச் சுடுகிற சாத்தே குச்சியின் நுனியில் ஒரு வெள்ளைப் பாசிமணி. அண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, புள்ளியை மட்டும் பார்ப்பார். நான் பாசியைத் துணியின் வெளி விளிம்பிலிருந்து மெல்ல உள்ளே நகர்த்துவேன். ஓரத்தில் பாசி தெரிந்த கணம் "ஆங்" என்பார். நான் அங்கே ஒரு குறி வைப்பேன். குறிகளைச் சேர்த்தால், அவருடைய பார்வையின் எல்லைக்கோடு. எல்லை வெளியே போனால் நல்லது. உள்ளே வந்தால் லாரி கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

மாதத்தின் முதல் ஞாயிறு, காலைக் குளியலுக்குப் பிறகு. சர்வே ஆபீஸ் கட்டத்தாளில் நான் வரைந்து, தேதி போட்டு, அவர் கையெழுத்திடுவார்.

அடுத்த வீட்டில் செட்டி நோன்யா ஒருவர், பழைய மலாக்காத் தமிழ் வம்சத்துப் பெண்மணி, இருந்தார். தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் சாமி கும்பிட்டாலும் அவர்கள் வீட்டில் பேசுவது மலாய்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துத் திருநீறு பூசிய ஒருவர் கறுப்புத் துணிமுன் அசையாமல் உட்கார்ந்து "ஆங்... ஆங்..." என்பதை வேலிக்கு அப்பாலிருந்து கேட்டுவிட்டு, "பாச்சா அபா?" என்று அக்காவிடம் பயபக்தியோடு விசாரித்திருக்கிறார். என்ன மந்திரம் என்று. அக்கா என்ன பதில் சொன்னாரோ, அந்த மாதத்திலிருந்து முதல் ஞாயிறு தவறாமல் ஒரு தட்டில் பூவும் இரண்டு வாழைப்பழமும் வந்தன. அண்ணன் பூவைச் சாமி படத்துக்கும், ஒரு பழத்தை எனக்கும் கொடுப்பார். "பூஜ முடிஞ்சிச்சி. சாப்புடு தம்பி."

பூஜைக்குப் பலனும் இருந்தது. முதல் மாதம் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் இருந்த கோடு, மூன்றாவது மாதம் நாலாவது வட்டத்தைத் தொட்டது. ஆறாவது மாதம் தாண்டியது. பதினோராவது மாதம் ஐந்தாவது வட்டத்தின்மேல் வந்து உட்கார்ந்தது. பதினோரு தாள்களையும் அடுக்கிப் பார்த்தால் குளத்தில் கல் எறிந்த மாதிரி, கோடு கோடாக விரிந்துகொண்டே போகும். என் வாழ்நாளில் நான் வரைந்த மிக அழகான படங்கள் அவைதான்.

அண்ணன் தலையைத் திருப்புவதை நிறுத்தினார். எல்லோரையும் போல ஓரக் கண்ணால் பார்க்க ஆரம்பித்தார். முடிவெட்டுகிறவர், சுளுக்கு தானாக விட்டுவிட்டதில் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

ஓட்டுகிற வேலை போனதிலிருந்து அண்ணன் டிப்போவில் பஸ் கழுவுகிற வேலையில் இருந்தார். மெர்டேக்கா நெருங்க, ஊரெல்லாம் காகிதக் கொடி. கம்பெனி ஒரு பஸ்ஸைத் தோரணம் கட்டி, அன்று காலை கிளேபாங்கிலிருந்து பண்டார் ஹிலிர் திடலுக்கு ஆட்களை ஏற்றிப்போக ஏற்பாடு செய்தது. ஊதிக் காட்டப்பட்ட அதே மேனேஜர், "டாக்டர் கடுதாசி கொண்டா. அந்த பஸ்ஸ நீயே எடு" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் இல்லை. வேலையே திரும்பக் கிடைக்கும்.

டவுனில் இருந்த வயதான டாக்டரிடம் கறுப்புத் துணியும் கிடையாது, பாசியும் கிடையாது. என் தாள்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர், "ஒரு வருஷக் கணக்கு முழுசா இருக்கட்டும். பன்னிரண்டாவதையும் போட்டு எடுத்துக்கிட்டு திங்கக்கிழமை வாங்க" என்று சொல்லி அனுப்பினார். சிங்கப்பூர்த் தவணை செப்டம்பரில்தான்.

பன்னிரண்டாவது ஞாயிறுக்கு முந்தின நாள் சாயங்காலம், அண்ணன் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். அக்கா என்னைக் கூப்பிட்டுத் துவைக்கப் போட்டிருந்த சட்டையை விரித்துக் காட்டினார். இடது தோளில் தையல் விட்டிருந்தது. வலது தோளில் மரப்பட்டைக் கறை.

"தம்பி, நீங்க காயிதத்தப் பாக்குறீங்க. நான் தெனம் இவரு தோளுக்குத் தைலம் தேய்க்கிறேன். இந்த வருஷம் பொறந்ததுலேருந்து ஒரு நாள் இந்தத் தோளு கன்னிப்போயிருக்கு, ஒரு நாள் அந்தத் தோளு. கதவு நெலையில இடிக்கிறாரு. தண்ணித் தொட்டில இடிக்கிறாரு. முன்னல்லாம் திரும்பித் திரும்பிப் பாத்துப் போவாரு, ஒண்ணும் இல்ல. இப்ப கண்ணு வந்துச்சின்னு விறுவிறுன்னு போறாரு."

"வயசாகுதில்ல அக்கா..."

"முப்பத்தெட்டுல என்னா வயசு? கண்ணு திரும்பி வந்துச்சின்னா, கதவு எங்க போச்சி?"

சட்டையை மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

கூடத்துக்குப் போனேன். ஆளில்லாத நாற்காலியைப் பார்த்துக் குச்சியை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல விளிம்பிலிருந்து நகர்த்தினேன். ஐந்தாவது வட்டத்தை நெருங்கும்போது கை எட்டாமல் ஒரு காலை முன்னால் வைத்தேன். "கிரீச்."

திரும்பவும் செய்தேன். "கிரீச்." இடப்பக்கம் போய்ச் செய்தேன். அங்கேயும் அதேதான். துணிக்கு முன்னால் சுவரோடு சுவராக ஓடுவது ஒரே நீளத் தரைப்பலகை. எந்த முனையை மிதித்தாலும் கத்தியது.

முதல் மாதம் நாலாவது வட்டத்துக்கும் உள்ளே போய்த்தான் காலை எடுத்து வைத்தேன். பிறகு அவர் எங்கே "ஆங்" சொல்வார் என்பது எனக்குப் பழகிவிட்டது. பழகின இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே கால் தயாராகும். கால் முந்தினால் பலகை முந்தும். பலகை முந்தினால் அவர் முந்துவார். எஞ்சினில் ஒரு நட்டு தளர்ந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிற காது அது. அவர் பொய் சொல்லவில்லை. பாசி தெரிந்ததாகத்தான் நம்பியிருக்கிறார். மாதாமாதம் அந்த எல்லையை என் கால்தான் வெளியே தள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

வீரன் என்றால் அவர் வந்ததும் சொல்லியிருப்பான். நான் ஆணி தேடினேன். வீட்டில் சுத்தியல் இல்லை. அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து பலகையின் இரண்டு முனையிலும் ஆணி அடித்தேன். அக்கா வாசற்படியில் நின்று பார்த்தார். இன்னொரு ஆணியை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் அண்ணன் புது முடிவெட்டோடு, திருநீறோடு வந்து உட்கார்ந்தார். "கடைசிக் காயிதம் லா, தம்பி. நல்லா போடு" என்று சிரித்தார். இடது கண்ணை மூடிக்கொண்டு புள்ளியைப் பார்த்தார். ஒரு நாளும் சோதனையைப் பார்க்க வராத அக்கா, அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

குச்சியைத் துணிக்கு வெளியே பிடித்திருந்தேன். பாசி இன்னும் உள்ளே வரவில்லை. சந்தில் ரொட்டிக்காரர் மணியை அடித்தார்.

"ஆங்."

"இன்னும் வரல அண்ணே."

"வரலையா?" தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. மறுபடி."

ஆறாவது வட்டம். ஐந்தாவது வட்டத்தில் காலை எடுத்து வைத்தேன். பலகை வாய் திறக்கவில்லை. அண்ணனும் திறக்கவில்லை. பாசி நகர்ந்தது. எனக்கு அது துணியின்மேல் நிலா மாதிரித் தெரிந்தது. அவர் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது. நாலாவது வட்டம். அடுத்த வீட்டில் யாரோ வாளியை இறக்கி வைத்தார்கள். அவர் உதடு அசைந்து, பிறகு அடங்கியது.

"தம்பி, நகத்துறியா?"

"நகத்துறேன் அண்ணே."

மூன்றாவது வட்டத்தைத் தாண்டியது. அதற்கும் கொஞ்சம் உள்ளே போனபிறகு, மிகச் சின்னக் குரலில், "ஆங்" என்றார்.

இடது கண்ணுக்கும் அப்படியேதான்.

தாளை வாங்கிப் பார்த்தார். பதினோராவது தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பஸ்ஸின் சக்கரத்தை அழுத்திப் பார்க்கிற மாதிரிக் கட்டை விரலால் அந்தக் கோட்டை ஒரு முறை அழுத்தினார்.

"முழிச்சிக்கிச்சி" என்றார். எங்களிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. "ஒரே மாசத்துல இவ்ளோ தூரம் வந்துருக்கு. அடுத்த மாசம் புள்ளிக்கே வந்துரும்."

"தம்பி," என்றார் அக்கா. "வாயத் தெறங்க."

திறந்தேன். பலகை, கால், ஆணி, குழவி எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என் பக்கம் திரும்பினார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் முழு முகமும் முழுத் தோளும் திரும்பின. எழுந்து போய் பிளையர் கொண்டுவந்து ஆணிகளைப் பிடுங்கினார். திரும்ப உட்கார்ந்தார்.

"எனக்குச் சொல்லாம மிதி. குச்சி வேணாம்."

மிதித்தேன். "தெரியுது" என்றார். என் கையில் ஒன்றுமே இல்லை என்பதைத் திரும்பிப் பார்த்தார். "இன்னொரு வாட்டி." மிதித்தேன். "அட, தெரியுது லா! வெள்ளையா, பொட்டு மாதிரி!" மறுபடி திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது தடவை இரண்டு கண்ணையும் இரண்டு உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். நான் நின்றேன். மிதிக்க மனசு வரவில்லை.

"மிதி தம்பி."

மிதித்தேன்.

"ஆங்" என்றார் அண்ணன், கையை எடுக்காமலேயே.

மெல்லக் கையை இறக்கினார். பிறகு கேட்டார்: "அப்ப அது முழிக்கல?"

"தெரியல அண்ணே. தூங்குதான்னும் தெரியல. இந்தப் பதினோரு மாசமா நமக்கு ஒண்ணுமே தெரியல."

அவரை அதிகமாகப் பயமுறுத்தியது அதுதான் என்று நினைக்கிறேன். கெட்ட செய்தியோடு அவர் சண்டை போடுவார். அளக்கப்படாத ஒன்றோடு எப்படிச் சண்டை போடுவது?

திங்கட்கிழமை டாக்டரிடம் நானும் போனேன். அண்ணன் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டால் கடிதம் கிடைத்துவிடும், நானும் தப்பித்துவிடுவேன் என்று வெட்கமில்லாமல் ஒரு நினைப்பு ஓடியது. டாக்டர் மேலே இருந்த தாள்களைப் புரட்டி, "அடேயப்பா, யாரு வரைஞ்சது?" என்றார். அந்த நிலையிலும் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பன்னிரண்டாவது அடியில் இருந்தது. அதுவரை அவர் போகவில்லை. பேனாவை எடுத்துவிட்டார்.

"எழுதாதீங்க டாக்டர்" என்றார் அண்ணன். அடித்தாளை உருவி மேலே வைத்தார். "அந்தப் பதினொண்ணும் பலக பாத்தது. இது ஒண்ணுதான் நான் பாத்தது."

மெர்டேக்கா அன்று தோரண பஸ்ஸை வேறொருவர் ஓட்டினார். அண்ணன் இடப்பக்கப் படியில் நின்றுகொண்டு வந்தார். யாரும் அவரை அங்கே நிற்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு சந்துக்கும் தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்து, "கிரி கோசோங்!" என்று கத்துவார். இடப்பக்கம் காலி என்று டிரைவருக்குச் சொல்கிற சத்தம். பஸ்ஸுக்குள் எல்லோரும் மெர்டேக்கா, மெர்டேக்கா என்று தொண்டை கிழியக் கத்த, படியில் ஒரு மனிதர் மட்டும் "கிரி கோசோங்" என்றே வந்தார். திடலில் இறங்கியபிறகு, கூட்டத்தில் இரண்டு தோளையும் இடிக்கவிட்டுக்கொண்டு நின்றார். "இன்னைக்கி எல்லாரும்தான் இடிக்கிறாங்க" என்று என்னிடம் சொன்னார்.

செப்டம்பரில் சிங்கப்பூருக்கு நான் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். பத்து மணிக்கு உள்ளே போனவர் பதினொன்றரைக்கு என்னையும் கூப்பிட்டார். டாக்டர் போன வருடத் தாளையும் இன்றைய தாளையும் சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். நான் கொண்டுபோன பன்னிரண்டாவதையும் அதன்மேல் வைக்கச் சொன்னார் அண்ணன். தாளின் அளவு வேறு, நிறம் வேறு. ஆனால் வட்டத்தோடு வட்டம் பொருத்தினால் மூன்று கோடும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தன.

போனது திரும்பி வரவில்லை. இருந்தது குறையவில்லை. அப்படியானால் அந்தப் பதினோரு மாதமும் அது தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"அப்ப தூங்குதா டாக்டர்?"

"ஒரு வருஷமாத் தூங்குது. பத்து வருஷம் கழிச்சிக் கேளு."

பிறகு பலகைக் கதையை டாக்டர் இரண்டு தடவை கேட்டார். இரண்டாவது தடவை கேட்கும்போது, தன் காலுக்குக் கீழே இருந்த தரையை ஒரு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

அதன்பின் நான் சிரம்பானுக்கு மாற்றலாகி, கல்யாணம் ஆகி, கோடு போடுவதை விட்டு இப்படி எழுதிப் பிழைக்கப் போய்விட்டேன். அண்ணன் டிப்போவிலேயே இருந்தார். அவர் பிரேக்கை மிதித்துப் பார்க்காமல் ஒரு பஸ்ஸும் வெளியே போகாது என்று ஆயிற்று. குச்சியை அக்கா எடுத்துக்கொண்டார். பலகையில் நிற்காமல், முக்காலியில் உட்கார்ந்துகொண்டு நகர்த்துவாராம். மாதாமாதம் கோடு ஒரே இடத்தில்.

பத்தாவது வருடம் அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "கோடு அசையவில்லை. ஆனால் இவரும் அசைய மாட்டேன் என்கிறார்" என்று எழுதியிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது மலாக்கா வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, வெளிறிப்போய், பேச்சின் நடுவே தூங்கி விழுந்துகொண்டிருந்தார். என்ன அண்ணே என்றால், போன ஞாயிறு போட்ட தாளை எடுத்துக் காட்டினார். "அதே எடம் தம்பி. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"இவருக்கு அந்தக் குச்சி சொன்னாத்தான் நோவு" என்றார் அக்கா. "வெரல் நுனில வேர்வையே இல்ல. மூணு மாசமா சோத்துல பாதி மிஞ்சுது. இத எந்தத் துணில போடுறது?"

அக்காதான் அவரை இழுத்துக்கொண்டு போனார். சிங்கப்பூரில் பழைய டாக்டர் போய்விட்டிருந்தார். புதியவர் தாள்களையெல்லாம் பார்த்துவிட்டு, கட்டி அசையவே இல்லை, ஆனால் அதைத் தூங்கவைத்த கதிர், கூட இருந்த சுரப்பியையும் மெல்ல மெல்லத் தூங்கவைத்துவிட்டது என்றார். சிலருக்கு அது பல வருடம் கழித்துத்தான் தலைகாட்டுமாம். ஆயுசுக்கும் மாத்திரை. மூன்றாவது வாரம் அண்ணன் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு, டிப்போவில் யாரையோ திட்டினார் என்று அக்கா எழுதியிருந்தார். அந்தக் கடிதம் முழுக்கச் சந்தோஷம்.

போன மாதம் காஜா பெராங் போயிருந்தேன். வீட்டுக்குச் சிமெண்டுத் தரை போட்டிருக்கிறார்கள். கறுப்புத் துணி இன்னும் சுவரில்தான். ஒரு பத்திரிகையில் படித்ததை அவரிடம் சொன்னேன். சுவீடனில் இப்போது ஒரு யந்திரம் செய்திருக்கிறார்களாம். ஏகப்பட்ட கதிர்களை எல்லாத் திசையிலிருந்தும் ஒரே புள்ளியில் குவித்து, கத்தி இல்லாமல், ஐந்து வாரம் இல்லாமல், ஒரே நாளில் கட்டியை அடக்கிவிடுகிறார்களாம்.

பீரங்கி திரும்பியது.

"பத்து வருஷம் கழிச்சி என்னா ஆச்சாம்?"

பத்திரிகையில் அது இல்லை என்றேன்.

"கேட்டு எழுது" என்றார்.

பிறகு உள்ளே போய், கதவு நிலையைக் கையால் தடவித் தாண்டி, ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். இருநூற்றுச் சொச்சம் தாள்கள். எல்லாவற்றிலும் அதே கோடு. அடியில் தனியாகச் சிவப்பு நூல் கட்டிய ஒரு சின்னக் கட்டு. பார்த்ததும் தெரிந்தது. என் அழகான பதினொன்று. இத்தனை வருடம் கழித்தும் காது சுட்டது.

"இத ஏன் அண்ணே இன்னும் வச்சிருக்கீங்க? குடுங்க, கிழிச்சிப் போடுறேன்."

அவர் கட்டை என் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்துக்கொண்டார். ஓரத்தில் நின்ற என்னை, தலையைத் திருப்பாமலேயே, இல்லாத கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு கணம் உட்கார்ந்திருந்தார்.

"இருக்கட்டும் தம்பி" என்றார். "அந்தப் பதினோரு மாசம் எனக்கு ரெண்டு பக்கமும் தெரிஞ்சிச்சி."